ரேஸ் சட்டையின் வலது கை

அன்புசெல்வியின் விரல்கள் துணியை நீளவாக்கில் ஒருமுறை இழுக்கின்றன, குறுக்கே ஒருமுறை. பனியன் துணி குறுக்கே நன்றாக நீண்டு கொடுக்கும். நீளத்தில் அவ்வளவாகக் கொடுக்காது. தெரிந்தேதான் வலது கைக்கான துணியைத் திருப்பிப் போட்டு வெட்டுகின்றன. கழுத்தில் கத்தரி தொங்கினாலும் நூலை அறுப்பது பல்தான். "கத்திரிய எடுக்கற நேரத்துல நானொரு சட்டையோட பாடிய மூட்டிருவனுங்க."

அன்புசெல்வி மங்கலம் சாலை பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் டெய்லர். தைப்பதெல்லாம் குழந்தைச் சட்டை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தம்பி சுரேஷுக்கு ரேஸ் சட்டை.

மண் மேடுகளில் பைக்கோடு பறக்கிற பந்தயம் அவனுடையது. நாசிக், புனே, பெங்களூர் என்று இந்த சீசனில் போன இடமெல்லாம் அவனே முதல். அவன் வந்து சேர்ந்தபின் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் இரண்டாவது ஆளைப் பார்க்கலாம் என்பார்கள் கூட்டாளிகள். அக்கா ஒரு பந்தயத்தையும் பார்த்ததில்லை. பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், முடிந்ததென்று அவன் கூப்பிடும்வரை, நோக்கியா போனை மடியில் வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரிப்பார். அந்த வாரம் முழுக்க வெங்காயக் குழம்புதான்.

போன பந்தயத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் விழுந்து சுரேஷின் வலது தோள் மூட்டு நழுவிவிட்டது. இப்போது ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று; கையைத் தூக்கினால் மட்டும் இன்னும் வலிக்கும். வருகிற ஞாயிறு கோவையில் கடைசிப் பந்தயம். இதுவரை சேர்த்த புள்ளிக்கு, எந்த இடத்தில் வந்தாலும், முடித்தாலே சீசன் பட்டம் அவனுக்கு.

"பத்தாவதா வா, கண்ணு."

"முன்னால ஒருத்தன் மூஞ்சில மண்ணடிச்சுட்டுப் போனா, நான் எப்படீங்க்கா சும்மா வாறது?"

அந்தப் பதிலுக்குப் பயந்துதான், இழுத்தால் நீளாதபடி, வலது கைத் துணி திரும்பியது. கக்கத்தையும் ஒரு சுற்று இறுக்கிவிட்டார். வண்டியைப் பிடிக்கலாம், முழங்கையைத் தூக்கிக்கொண்டு எவனோடும் முட்ட முடியாது.

சுரேஷ் வலது கையை முதலில் நுழைத்துப் போட்டுப் பார்த்தான்.

"ஏனுங்க்கா, இந்தக் கை கொடுக்கவே மாட்டேங்குது?"

"கொடுக்காது. மெல்லப் போய்ட்டு வா."

அவன் கோபப்படவில்லை. ஸ்டூலில் வண்டிமேல் உட்காருவதுபோல் உட்கார்ந்து காட்டினான். "விழுந்தா கைய வீசி உருளோணுமுங்க்கா. இதுல வீச முடியாது. தோளு மறுக்கா போயிரும்."

அன்புசெல்விக்கு முகம் செத்துப்போயிற்று. "கழட்டு" என்றார். கையைத் தூக்கிக் கழட்ட அவனால் முடியாது என்று நினைவு வந்து, தானே இடது கையை முதலில் உருவி, தலையை எடுத்து, வலியில்லாமல் வலது கையை விடுவித்தார்.

தையலைப் பிரித்தார். புதுக் கையை நேராக வெட்டி, கக்கத்தைத் தளர்த்தி மூட்டினார். கையைத் தூக்காமலே மாட்டுவதற்கு, குழந்தைச் சட்டைக்கு வைப்பதுபோல் தோளைத் திறந்து, அழுத்திப் பூட்டும் டிச் பட்டன் மூன்று அடித்தார்.

"பால் பாட்டிலும் குடுத்து உடுவீங்களாட்ட இருக்குது!"

"வாய மூடுடா."

பிசிறு வெட்டி, மடித்து நீட்டினார். சுரேஷ் அதை வாங்க வலது கையைத் தூக்க முயன்றான். இடது கையில் எதையும் வாங்கக் கூடாதென்று சிறுவயதில் புறங்கையில் அடித்துப் பழக்கியவர் எதிரில் நிற்கிறார். அன்புசெல்வி அந்தக் கையை மெல்லக் கீழே இறக்கிவிட்டு, அவன் இடது கையைப் பிடித்து விரித்து, சட்டையை அதில் வைத்தார்.