ராணியைத் தேடி மல்லேஸ்வரம் போன காலை

2005 மே மாதம், பள்ளி விடுமுறையில் மூன்று நாள் பெங்களூர் போய் வந்தேன். லால்பாக், கப்பன் பார்க், ஒரு நல்ல மசால் தோசை, இவ்வளவுதான் திட்டம். லால்பாக் பார்க்கவே இல்லை. அதற்குப் பதிலாக நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

ஜோலார்பேட்டையிலிருந்து காலை பாசஞ்சர் ரயில். சுமார் 145 கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டது. குப்பத்தில் ஏறிய கூட்டம் பையப்பனஹள்ளி வரை நின்றுகொண்டே வந்தது. உட்கார்ந்து போக வேண்டுமென்றால் ஜோலார்பேட்டைக்கு அரை மணி முன்னதாக வந்துவிடுங்கள். சிட்டி ஸ்டேஷனிலிருந்து ஸ்ரீராம்புரத்துக்கு ஆட்டோவில் பதினைந்து ரூபாய். அங்கேதான் என் சித்தி மகள் செல்வி இருக்கிறாள். மாநகராட்சி ஒப்பந்தத்தில் தெருக்கூட்டும் வேலை. கணவர் பெயின்டர்.

செல்வியின் வீடு ஒரே அறை. வாசலுக்கும் எதிர்வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஆறடி சந்து. அந்தச் சந்தில்தான் ராணி என்ற பசு இராத்திரியில் படுக்கும். கறுப்பும் வெள்ளையும் கலந்த சீமை மாடு, இடது கொம்பு மட்டும் உள்ளே வளைந்தது. விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் கறந்து, கயிற்றைக் கழுத்தில் சுற்றி அவிழ்த்துவிட்டு, செல்வி வேலைக்குப் போய்விடுவாள். ராணி ஊரெல்லாம் மேய்ந்துவிட்டு மாலை நாலு மணிக்குத் தானாக வந்துவிடும்.

“பஸ்ஸு, லாரிக்கு நடுவுல எப்படிடி போவுது?” என்று கேட்டேன்.

“அது எங்கள விட நல்லா ரோடு கிராஸ் பண்ணும்க்கா” என்றாள்.

நான் போய் இறங்கிய அன்று நாலு மணிக்கு ராணி வரவில்லை. ஆறாயிற்று, எட்டாயிற்று. செல்வியும் கணவரும் சுற்றியிருந்த சந்துகளையெல்லாம் பார்த்துவிட்டு வந்தார்கள். அன்று காலை மாடு பிடிக்கும் வண்டி வந்து போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். செல்வி அதன் பிறகு சாப்பிடவில்லை.

மறுநாள் அவள் லீவு சொன்னாள். காலை ஆறரைக்கு இருவரும் கிளம்பினோம். பிடித்த மாடுகளைக் கொண்டுபோய் அடைக்கும் பட்டி பத்து மணிக்கு முன் திறக்காது. அதுவரை தேடுவோம் என்றாள். சொந்த மாடு பகலெல்லாம் எங்கே போகிறது என்று அவளுக்கே தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வேலை முடிந்து பன்னிரண்டு மணிக்கு மேல் வீட்டுக்கு வருகிறவள், மாட்டின் பின்னால் எப்போது போவாள்?

ரயில் பாதையைத் தாண்டினால் மல்லேஸ்வரம். இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் மரங்களும் காம்பவுண்டு வீடுகளும் வேறு ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. எட்டாவது கிராஸ், அதாவது எட்டாவது குறுக்குத்தெரு மார்க்கெட்டில் மூன்று மாடுகள் முட்டைக்கோஸ் இலையை மென்றுகொண்டிருந்தன. ஸ்கூட்டர்கள் அவற்றைச் சுற்றி வளைந்து போயின. யாரும் முகம் சுளிக்கவில்லை. மூன்றில் ராணி இல்லை.

பூக்கடை அம்மாளிடம் செல்வி அடையாளம் சொன்னாள்.

“ஒத்தக் கொம்பு வளைஞ்சதுதானே? உன் மாடா அது? தினம் எட்டு மணிக்கு இங்க வரும், தின்னுட்டு மேல அந்தப் பல் டாக்டர் வீட்டாண்ட போவும். நேத்து நொண்டிக்கினே போச்சும்மா.”

“நொண்டிச்சா?” என்றாள் செல்வி.

ஏழு கிராஸ் தாண்டி நடந்தோம். வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை, மாடு கத்துவது தெருமுனையிலேயே கேட்டது. பல் மருத்துவமனைப் பலகை மாட்டிய பழைய வீடு. காம்பவுண்டுக்குள் தென்னை மரத்தில் ராணி கட்டப்பட்டிருந்தது. பின்னங்கால் ஒன்றில் வெள்ளைக் கட்டு.

செல்வி கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவள் கன்னடத்தில் போட்ட சத்தத்தில் ‘திருட்டு’ என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. வெளியே வந்த டாக்டரம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் தமிழில் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு, அவரும் தட்டுத்தடுமாறித் தமிழிலேயே பேசினார்.

“நான் கதவு திறந்தா கௌரி, இந்த மாடு, தினம் வரும். சப்பாத்தி குடுப்பேன். நேத்து கார்ப்பரேஷன் வண்டி இந்த ரோட்ல இருந்துச்சு. ஓட முடியல இதுக்கு. உள்ள இழுத்துக் கட்டினேன். தப்பா?”

“ஓனர் இருக்காங்கன்னு தெரியாதா? கழுத்துல கயிறு இருக்குதே!”

“கயிறு இருக்கு. கால் பாக்க யாரும் இல்லையே? எட்டு நாளா நொண்டுது. நேத்து வெட்னரி டாக்டர் வந்து ஆணி எடுத்தார், இவ்ளோ நீளம்.” விரலில் அளவு காட்டினார்.

செல்வி ராணியின் அருகே போனாள். அவள் காலையில் பால் கறப்பது இருட்டில். மாலையில் கறந்ததும் ராணி படுத்துவிடும். நடக்கிற மாட்டை அவள் பார்த்தே பல நாளாகிவிட்டது.

ராணி மறுபடியும் கத்தியது. “ராத்திரி பூரா இப்படியே. வலிக்குதுன்னு நெனச்சேன்” என்றார் டாக்டரம்மா. செல்வி குனிந்து மடியைத் தொட்டாள். “ஐயோ, கல்லாட்டம் கட்டிக்கிச்சே! கால் வலி இல்லம்மா இது. நேத்து சாயந்தரத்துலேருந்து கறக்கவே இல்ல. ஒரு பக்கெட் குடுங்க.”

டாக்டரம்மா ஓடிப் போய் நீல பக்கெட்டும் வெந்நீரும் கொண்டுவந்தார். செல்வி மண்ணில் குந்தி, வெந்நீரில் மடியை நீவிவிட்டுக் கறக்க ஆரம்பித்தாள். பல்வலிக்கு வந்த இரண்டு பேர் கன்னத்தைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்தார்கள். கத்தல் நின்றது. ஊசி போட்டிருப்பதால் மூன்று நாளைக்கு யாருக்கும் பால் கொடுக்கக்கூடாது என்று டாக்டரம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். செல்வி அந்த நுரைத்த பாலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தென்னையடியில் கொட்டினாள்.

காயம் ஆறும்வரை மாடு இங்கேயே இருக்கட்டும், காலையும் மாலையும் வந்து கறந்துவிட்டுப் போ என்றார் டாக்டரம்மா. செல்வி ராணியின் காலைத் தூக்கிக் கட்டைப் பார்த்தாள். அப்புறம், “ஈரம் படாம பாத்துக்கோங்க” என்று மட்டும் சொன்னாள். கேட்டைச் சாத்தும்போது டாக்டரம்மா உள்ளேயிருந்து “கௌரி” என்றார். ராணி தலையைத் திருப்பியது. செல்வி அதற்குள் தெருவில் இறங்கியிருந்தாள்.

ரயில் பாதை வரை அவள் வேகமாக நடந்தாள். அங்கே நின்று கேட்டாள்: “அந்தப் பேரச் சொன்னப்ப திரும்பிப் பாத்துச்சாக்கா?”

“இல்லடி” என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு நடந்தாள்.

அடுத்த நாள் மாலை ஊர் திரும்பிவிட்டேன். ஒன்பதாம் நாள் ராணி வீட்டுக்கு வந்துவிட்டதாக செல்வி போன் செய்தாள். இப்போதும் அவிழ்த்துத்தான் விடுகிறாள். ஆறடிச் சந்தில் பகலெல்லாம் கட்டிப்போட முடியாது. ஆனால் வேலை முடிந்ததும் நேராக மல்லேஸ்வரம் போய், தானே ராணியை ஓட்டிக்கொண்டு வருகிறாள். தினமும் நான்கு குளம்பையும் தூக்கிப் பார்க்கிறாள். “நீ பொய் சொன்னேன்னு அன்னிக்கே தெரியும்க்கா” என்றாள். கோபம் இல்லை, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பெங்களூர் போகிறவர்களுக்கு: மல்லேஸ்வரம் மார்க்கெட்டைக் காலை எட்டு மணிக்கு முன் பாருங்கள், கூட்டம் குறைவு. ஸ்ரீராம்புரத்திலிருந்து நடந்தே போகலாம், அரை மணி நேரம். தெருவில் மாடு நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள், பின்பக்கமாகச் சுற்றிப் போங்கள். சாப்பாட்டைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிப் போடாதீர்கள், கவரோடு தின்றுவிடும். நொண்டுகிற மாட்டைப் பார்த்தால் பக்கத்துப் பூக்கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அது யாருடைய மாடு என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் தேடிக்கொண்டு ஒருத்தி வந்தால், முதலில் அவர்களிடம்தான் கேட்பாள்.