ஈர்க்கில் வந்த கால்கள்

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்த இளம் ஆண்களின் கால்கள் எங்கள் செருப்புக் கடைக்கு ஈர்க்காகத்தான் வந்து சேர்ந்தன. வாவியைக் கடக்கிற துறையில் ஆமியின் சென்றிக் காவல் இருந்தது. இளந்தாரி ஒருவன் அதைத் தாண்டி டவுனுக்கு வந்தால் திரும்பிப் போவது நிச்சயமில்லை. அதனால் தாய்மார் வந்தார்கள். மகனைத் தரையில் நிற்கவைத்து, குதிக்காலில் இருந்து பெருவிரல் வரை தென்னை ஈர்க்கால் அளந்து ஒடித்து, குடைக்குள்ளேயோ சேலை மடிப்பிலேயோ செருகிக் கொண்டுவருவார்கள். நாங்கள் அதைச் செருப்பின் மேல் வைத்துப் பார்த்து, ஒரு விரல் இடம் விட்டு, பொருத்தமான சோடியை எடுத்துக் கொடுப்போம்.

ஈர்க்கைக் கண்டால் அந்த வீட்டில் வெளியே தலைகாட்ட முடியாத ஒரு பிள்ளை இருக்கிறான் என்று அர்த்தம். அது எங்களுக்கும் தெரியும், கடைக்கு வந்துபோகிற மற்றவர்களுக்கும் தெரியும். ஆகவே நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சட்டம் போட்டார்.

"அளவு, நிறம், விலை. இந்த மூண்டையும் தவிர வாற ஆக்களோட ஒரு கதையும் வேணாம். ஆர்ர கால் எண்டு கேக்காத. எந்த ஊர் எண்டும் கேக்காத."

என்னிடம் போய் இதைச் சொல்கிறாரே என்று எரிச்சல் வந்தது. தன்னாமுனையில் பஸ் ஏறி டவுனில் இறங்குவதற்குள் பக்கத்துச் சீட்டுக்காரியின் வீட்டுக் கறி வரை விசாரித்து முடிப்பவள் நான். வாயை வீட்டில் வைத்துவிட்டு வா என்றால் எப்படி? முதல் கிழமை முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் எனக்கு முன் அங்கே வேலை செய்த பிள்ளையின் கதை காதில் விழுந்தது. அவள் நல்ல மனதோடு ஒரு தாயிடம், "மகன் சுகமா வந்து சேந்தாரா அம்மா?" என்று சத்தமாகக் கேட்டாளாம். அது யார் யார் காதில் விழுந்ததோ, பின்னேரம் துறையில் அந்தத் தாயை மறித்து வைத்துவிட்டார்கள். அதைக் கேட்ட பிறகு நான் முதலாளியிடம் மூஞ்சி காட்டவில்லை.

ஓர் அம்மா மட்டும் என்னைப் பெரும்பாடு படுத்தினார். வெற்றிலை போட்ட வாய், எப்போதும் சிரித்த முகம். கொண்டுவருவது ஒரே அளவு ஈர்க்கு. ஒரே ஒரு மகன் போல என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். ஏதாவது கதைக்க அவர் வாயெடுப்பார். நான் முந்திக்கொண்டு, "கறுப்பா, மண்ணிறமா அம்மா?" என்பேன். அவர் முகம் சுருங்கிவிடும்.

ஒரு நாள் அவருக்கு ஒரு சோடியை எடுத்து வைத்து, ஈர்க்கால் அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். சாரம் கட்டிய ஒருவன் உள்ளே வந்து வாங்குப் பலகையில் இருந்தான். சப்பாத்துப் பார்க்கவேண்டும் என்று காலை நீட்டினான். செருப்புக் கடையில் வேலை செய்கிறவளின் கண் முதலில் காலில்தான் விழும். கணுக்காலைச் சுற்றிச் சொக்ஸ் இறுக்கிய தழும்பு, வெயில் காணாமல் வெளிறிய விரல்கள். நாள் முழுக்கப் பூட்ஸுக்குள் கிடக்கிற கால் அது.

அவன் நிமிர்வதற்குள் ஈர்க்கை எடுத்துப் பட்டென்று முறித்துப் பல்லுக் குத்தத் தொடங்கினேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

"ஆருக்கம்மா செருப்பு?" என்று அவன் கேட்டான்.

"எனக்குத்தான் தம்பி."

"அப்ப போட்டுப் பாருங்களன்."

அவர் போட்டார். அந்தச் சின்னப் பாதத்துக்கு முன்னாலும் பின்னாலும் செருப்பு மிச்சமாகக் கிடந்தது. அவன் சிரித்தான்.

"இவக்குக் கால் வீங்குற வருத்தம். பெரிசுதான் தோது," என்றேன். அப்படி ஒரு பொய் எங்கிருந்து வந்ததோ தெரியாது. அவன் சப்பாத்துத் தட்டின் பக்கம் திரும்பிக்கொண்டான். அம்மா காசைக் கொடுத்துவிட்டு அந்தச் செருப்போடேயே இறங்கி நடந்தார். சரக், சரக் என்று அது இழுபடும் சத்தம் தெரு முனை வரை கேட்டது. அன்று என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அதே சோடியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு அவர் வந்தார். வாயில் வெற்றிலை இல்லை.

"இத மாத்தி என்ட காலுக்கு அளவா ஒண்டு தா மகள்."

செருப்பு தேயவே இல்லை. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கேட்கக் கூடாது. கேட்காமல் நிற்கவும் முடியவில்லை. முதலாளி கதிரையை விட்டு எழும்பி வந்தார்.

"என்னம்மா நடந்த?" என்று அவரே கேட்டார்.

"அண்டைக்கு நான் போய்ச் சேரக்குள்ள ஊட்ட புள்ள இல்ல தம்பி. வந்து கூட்டித்துப் பெய்த்தாங்களாம். மறுகா ஒரு தகவலும் இல்ல." செருப்பைச் சுற்றியிருந்த பேப்பரை மடித்துக்கொண்டே, "கொண்டு போனது ஆர் எண்டு மட்டும் கேட்டுராதங்க," என்றார்.

அந்தச் சாரக்காரனால் வந்ததா, வேறு யாராலாவது வந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரைத் திட்டுவதென்றும் தெரியவில்லை.

முதலாளி கடைக் கதவில் பாதியை இழுத்துச் சாத்தினார். அம்மாவை வாங்கில் இருத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அம்மாவோட கொஞ்சம் இருந்து கதை புள்ள."

இதற்காகத்தானே இத்தனை நாளும் வாய் துடித்துக்கொண்டிருந்தேன். அவர் காலடியில் போய்க் குந்தினேன். மகனுக்கு என்ன பெயர், அவனுக்கு என்ன கறி விருப்பம், அவன் எப்படிச் சிரிப்பான் என்று கேட்க எவ்வளவோ இருந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கறுப்பா, மண்ணிறமா அம்மா?" என்றேன்.