வண்டூருக்குக் குறித்த புதன்கிழமை

ஏழு வருடங்களுக்கு முந்தைய என் டைரியில் ஒரு புதன்கிழமைப் பக்கத்தில் மூன்று வரிகள் பென்சிலால் எழுதப்பட்டிருக்கின்றன. வண்டூர் படகு காலை எட்டரை. தாழ்நீர் பத்து ஐம்பது. தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் இரண்டு. மூன்றையும் ஒரே கோட்டால் அடித்துவிட்டு, கீழே பேனாவில் "ஹாடோ துறைமுகம். அக்காவைக் கப்பலேற்றியது" என்று எழுதியிருக்கிறேன். அடுத்த மாதம் எனக்கு லாங் ஐலண்டுக்கு மாற்றல். போவதற்கு முன் வண்டூர் கடல் பூங்காவை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று நாள் குறிக்க உட்கார்ந்தேன். அன்றைய திட்டத்தை எப்படிப் போட்டேன் என்று பார்க்கப் பழைய டைரியை எடுத்தேன்.

அக்கா என்றால் உடன்பிறந்தவர் அல்ல. போர்ட் பிளேரில் எங்கள் அலுவலகத்தில், பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு எழுதிக்கொடுக்கும் கவுண்டரில் இருந்தவர். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமாகி வந்தவர், கணவர் இறந்த பிறகும் வேலைக்காக இங்கேயே இருந்துவிட்டார். அவருக்கு அடுத்த மேசை என்னுடையது. படகுகளின் அட்டவணையும் மாதாந்தர அறிக்கையும் என் பொறுப்பு. நாள் முழுவதும் அவர் குரல் என் காதில் விழுந்துகொண்டே இருக்கும். மழைக்காலத்தில் எந்தத் தீவு திறந்திருக்கும், மற்ற மாதங்களில் எந்தத் தீவு, திங்கள்கிழமை ஏன் விடுமுறை, படகு அடியில் பதித்த கண்ணாடி வழியாக என்னென்ன தெரியும் என்று எல்லாவற்றையும் இந்தியில் சொல்வார். மெயின்லேண்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்று சிப்ஸ் பாக்கெட்டுகளோடு வந்து நின்றால், "யே நஹி சலேகா, பாய்சாப். பிளாஸ்டிக்க இங்கயே வச்சிட்டுப் போங்க. அங்க இருக்கிற மீனுக்கு உப்பு ஏற்கெனவே ஜாஸ்தி" என்பார். தமிழில் சொன்ன பாதி அவர்களுக்குப் புரியாது. சிரிப்பது நானாகத்தான் இருக்கும்.

ஒருநாள் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண், பவளம் என்ன நிறத்தில் இருக்கும் என்று கேட்டார். அக்கா தயங்காமல், "ஊதா, மஞ்ச, சிலது மூளை மாதிரி சுருங்கி இருக்கும்" என்றார். அந்தப் பெண் போன பிறகு என் பக்கம் திரும்பி, "சுவத்துல இருக்கிற போஸ்டரப் பாத்துத்தான் சொன்னேன், தம்பி" என்றார். பதினோரு வருடம் சீட்டு எழுதியவர் ஒருமுறைகூடப் போனதில்லை. நானும் போனதில்லை. ஷாதிபூரில் என் வீட்டிலிருந்து வண்டூருக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம். பக்கத்திலேயே இருப்பதுதானே, எங்கே ஓடிவிடப் போகிறது என்று இந்த ஊரில் இருக்கிறவர்கள் எல்லோருமே அப்படித்தான் இருக்கிறோம்.

ஓய்வு பெறுவதற்கு மூன்று மாதம் முன்பு, சீட்டுகளில் பெயர் எழுதும்போது அவர் கோட்டை விட்டு இறங்கி எழுத ஆரம்பித்தார். நான்தான் முதலில் கவனித்தேன். கண்ணில் அழுத்தம் ஏறி, பக்கவாட்டுப் பார்வை ஏற்கெனவே போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் வாங்கினார்கள். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் ஆபரேஷன், அதற்கும் உறுதி கிடையாது என்பதையும் சொல்லிவிட்டார்கள். அக்கா இதை எங்களிடம் சொன்னபோது அழவில்லை. "கண்ணு கெட்டுப்போறதுக்குள்ள அந்தப் பவளத்த ஒருக்கப் பாத்துறணும். இத்தன பேருக்குப் பொய் சொல்லியிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். அழைத்துப்போகிற பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

அவருடைய கடைசி வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர், "ஞாயித்துக்கெழம படகுல நாலு சீட் கெடக்கு, தம்பி. போயிருவமா?" என்று கேட்டார். நான் அலை அட்டவணையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஞாயிறன்று தாழ்நீர், அதாவது கடல் மிகவும் இறங்கி நிற்கும் நேரம், காலை எட்டு மணிக்கே வந்துவிடுகிறது, நாம் தீவைச் சேர்வதற்குள் நீர் ஏற ஆரம்பித்துவிடும், பவளம் கீழே போய்விடும் என்று விளக்கினேன். புதன்கிழமை என்றால் கண்ணாடிப் படகில் ஏறுகிற நேரமும் தாழ்நீரும் சரியாகப் பொருந்தும். அவர் கண்ணுக்குக் கையெட்டும் தூரத்தில் தெரியும். நான் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. இன்று கணக்குப் போட்டாலும் அதே விடைதான் வரும். அக்கா அட்டவணையைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "புதங்கெழமதானே ஜஹாஸு?" என்றார்.

ஆமாம், அவர் போகவேண்டிய சென்னைக் கப்பல் அந்தப் புதன்கிழமைக்கே அறிவிக்கப்பட்டிருந்தது. இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் போர்ட் பிளேரில் கப்பல் தேதியை யாரும் தேதியாக எடுத்துக்கொள்வதில்லை. பலகையில் எழுதிய நாளோடு இரண்டு நாளாவது கூட்டிக்கொண்டுதான் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பார்கள், லீவு எழுதுவார்கள், பால்காரரை நிறுத்தச் சொல்வார்கள். எங்கள் அலுவலக பியூன், தாதா (அண்ணன்) என்று நாங்கள் கூப்பிடும் வங்காளி, எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "அரே தீதி, புத்வார் லிக்கா ஹை தோ ஷனிவார் ஜாயேகா" என்றார். புதன் என்று எழுதியிருந்தால் சனிக்கிழமைதான் கிளம்பும். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்துவிட்டு, புதன்கிழமைப் படகில் இரண்டு பெயர்களை எழுதினார். அவர் எழுதிய சீட்டுகளில் அவர் பெயரே இருந்தது அந்த ஒன்றில்தான்.

செவ்வாய் மாலை ஆறேகாலுக்கு ரேடியோவில் அறிவிப்பு வந்தது. கப்பல் குறித்தபடி புதனன்று புறப்படும், பயணிகள் காலை ஒன்பது மணிக்கு ஹாடோ துறைமுகத்துக்கு வந்துவிட வேண்டும். காரணம் எதுவும் சொல்லவில்லை. நேரத்துக்குப் போகிற கப்பலுக்குக் காரணம் தேவையில்லை அல்லவா. அக்காவின் கட்டிலும் அலமாரியும் அன்று மதியமே கப்பலில் ஏறியிருந்தன. அடுத்த கப்பல் இரண்டு வாரம் கழித்து. மதுரை டாக்டர் கொடுத்த நாள் அதற்கு முன்னால். நான் போய்ச் சொன்னபோது அவர் கதவருகே நின்று கேட்டார். "சரி தம்பி. ஆட்டோ எத்தன மணிக்குச் சொல்ல?" என்றார்.

மறுநாள் துறைமுகத்தில் வரிசை நீளமாக இருந்தது. அலுவலகத்தில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். தாதா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தான்தான் கப்பலை முன்னால் தள்ளிவிட்டது போல நின்றார். அக்காதான் அவரைத் தட்டி, "இருவத்தெட்டு வருசத்துல ஒருக்ககூட நேரத்துக்குப் போகாத ஜஹாஸு, எனக்காகப் பாத்து நிக்கி. விஐபிலே நான்!" என்றார். ஏணிப்படிக்குப் பக்கத்தில், கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் இருந்த இடுக்கில், தண்ணீர் பச்சையாகத் தெளிந்து கிடந்தது. கறுப்புக் கோடு போட்ட சின்ன மீன்கள் ஒரு கூட்டமாகத் தூணைச் சுற்றிக்கொண்டிருந்தன. "அக்கா, மீன்" என்றேன். "எங்க?" என்று குனிந்தார். தலையை இடமும் வலமும் திருப்பித் தேடினார். நான் விரலை நீட்டினேன். அவருக்கு விரல் தெரிந்தது, மீன் தெரியவில்லை. அதற்குள் மேலிருந்து யாரோ ஒரு கயிற்றைத் தண்ணீரில் போட, அவை கலைந்துவிட்டன. "பரவால்ல, நீ பாத்தல்ல" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைத் தடவிப் பிடித்து ஏறிப்போனார்.

மணி பத்து ஐம்பது ஆனபோது நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வழக்கம் அப்படி. வண்டூரில் அப்போது நீர் இறங்கி நின்றிருக்கும்.

ஆபரேஷன் ஒரு கண்ணை இரண்டு வருடம் காப்பாற்றியது. இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்பது தெரியும், அவ்வளவுதான். மகள் வீட்டில் இருக்கிறார். மாதம் ஒருமுறையாவது பேசுவோம். பூங்காவைப் பற்றி இருவரும் எடுத்ததில்லை. இந்த ஏழு வருடத்தில் நான் ஏன் போகவில்லை என்று கேட்டால், துக்கம் என்று சொன்னால் அது பொய். நாலைந்து முறை அட்டவணையோடு உட்கார்ந்தேன். பருவமும் தாழ்நீரும் காலி சீட்டும் ஒரே நாளில் அமையவில்லை; அமைந்த நாளில் ஆடிட் இருந்தது.

இன்று மாலை அவரிடம் பேசினேன். மாற்றலைச் சொன்னேன். போவதற்கு முன் வண்டூர் போகப்போகிறேன் என்றும் சொன்னேன்.

"என்னைக்கு?" என்றார்.

"அடுத்த வியாழக்கிழமை, அக்கா. தாழ்நீர் பதினொன்னு பத்து. படகு போய்ச் சேரவும் அதுவும் சரியா இருக்கும்."

மறுமுனையில் பிரஷர் குக்கர் விசில் கேட்டது. "அதுக்கு முந்தி சீட்டே இல்லியா?"

"நாளைக்கு இருக்கு. ஆனா நாளைக்கு நீரு..."

"தம்பி" என்றார். சத்தமாக அல்ல. கவுண்டரில் வரிசையை முந்தி வருகிறவர்களை அழைக்கிற குரல் அது.

அப்போதுதான் சொன்னேன். "அந்த ஞாயித்துக்கெழமையே நாம போயிருக்கணும்க்கா."

"போயிருக்கணும்" என்றார். அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. "நீ அந்தப் பேப்பர நீட்டிட்டு எவ்வளவு சரியாச் சொன்ன. அத எப்படி வேண்டாங்கிறது? நாளைக்குப் போ. தண்ணி ஏறிக்கெடந்து ஒண்ணுமே தெரியலன்னா, தெரியலன்னு வந்து சொல்லு. எனக்கு அது போதும்" என்றார்.

நாளைக் காலை தாழ்நீர் நாலு மணிக்கே வந்து போய்விடுகிறது. படகு தீவைச் சேரும் நேரத்தில் கடல் முழுவதும் ஏறியிருக்கும். சீட்டு எடுத்துவிட்டேன்.