வலப்பக்கம் வந்த ஸ்டீயரிங்

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனிக்கு நான் வேன் ஓட்டியபோது, அங்கே ஒல்லியான ஒரு கட்டிங் மாஸ்டர் இருந்தார். அவர் மீசையில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். பனியன் வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவர் அவருக்கு, பாகங்களை ஒட்டிச் செய்யும் ஒரு மாடல் கார் செட் கொடுத்திருந்தார். நீண்ட மூக்குள்ள பழைய அமெரிக்கக் கார் அது. சாப்பாட்டு நேரமெல்லாம் அதை ஒட்டிக்கொண்டிருப்பார். சிவப்புப் பெயிண்ட் அடித்து, சீட்டுக்குக் கறுப்புப் பனியன் துணி போட்டார்.

ஒருநாள் டேஷ்போர்டைப் பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மாஸ்டர், நல்லாத்தான இருந்துச்சு?"

"ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்குதுங்களே. நம்மூர் ரோட்டுல எப்படி ஓட்டறதுங்க?"

சொல்லி முடிப்பதற்குள் டேஷ்போர்டு இரண்டாக உடைந்தது. அன்று அவர் டீகூடக் குடிக்கவில்லை.

மறுநாள், சட்டைக் காலருக்கு வைக்கும் பிளாஸ்டிக்கை வெட்டிப் புது டேஷ்போர்டு செய்துவிட்டார். ஸ்டீயரிங் வலப்பக்கம் வந்திருந்தது. காரை என்னிடம் நீட்டினார்.

"நீங்க ஓட்டறவரு. பெடலெல்லாம் சரியான்னு பாருங்க."

குனிந்து பார்த்தேன். அரிசி அளவில் கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர், மூன்றும் சரியாக இருந்தன.

"அருமைங்க. வாங்க, நெசக் காரே ஓட்டக் கத்துத்தர்றேன்" என்றேன்.

"வேண்டாமுங்க. எனக்கு ரோட்டைப் பாத்தாலே பயமுங்க" என்று சிரித்தபடி காரை வாங்கிக்கொண்டு, தன் சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார். அப்புறம் யாருக்காக ஸ்டீயரிங்கை மாற்றினார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.