பாவாவின் கிணறும் குவாரித் தண்ணீரும்

மழை பெய்த மறுநாள் நிலக்கரித் தூளிலிருந்து ஒரு வாசனை வரும். ஈரத்தில் ஊறிய தீப்பெட்டி மாதிரி... தெலங்கானாவில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றியிருந்த கிராமங்களில்தான் என் முதல் வேலை. எத்தனை முறை துவைத்தாலும் அந்த வாசனை என் துப்பட்டாவை விட்டுப் போகாது.

சுரங்கம் ஆழமாக ஆழமாக உள்ளே தண்ணீர் ஊறும். அதை இறைத்து வெளியே விடுவார்கள். அதனால் சுற்றியிருக்கும் கிணறுகளில் மட்டம் இறங்குகிறதா, தண்ணீர் கெடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் எங்கள் வேலை.

கெமிஸ்ட்ரி படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, என்னை எடுத்ததற்குக் காரணம் என் தெலுங்கு. திருத்தணியில் எங்கள் வீட்டில் நைனாவோடு தெலுங்கு, தெருவில் இறங்கினால் தமிழ்.

நான் அளக்கும்போது பெண்கள் குடத்தோடு வந்து சுற்றி நிற்பார்கள். மீட்டர் கணக்கெல்லாம் அவர்களுக்கு எதற்கு? "எண்டாகாலம் தாகா உண்டாயாம்மா?" என்று மட்டும் கேட்பார்கள். கோடை வரைக்கும் இருக்குமா...

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு லீவில் ஊருக்கு வந்தேன். காவடிக் கூட்டத்தில் நசுங்கி மலை ஏறி இறங்கிவிட்டு, மறுநாள் திருவாலங்காடு பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்காவின் கணவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு அவர் என்னை உட்காரக்கூட விடவில்லை. நேராகக் கிணற்றுக்குக் கூட்டிப்போனார். அடியில் ஒரு தட்டு அகலத்துக்குத் தண்ணீர் மின்னியது. பக்கத்தில் கரும்பு நுனி காய்ந்து நின்றது.

"பாத்தியாம்மா கலா? ஏரிக்கு அந்தாண்ட கல் குவாரி வந்ததுல இருந்து இப்டிதான். எந்நேரமும் தண்ணிய எறச்சிக்கினே இருக்கான். நீ இந்த வேலதான பாக்குற? குவாரியாலதான்னு எழுதிக் குடு. ஊரே சேந்து மனு குடுக்கப் போறோம்."

"அளக்காம எப்டி பாவா எழுதறது?"

"கண்ணால பாக்குற. இன்னும் இன்னாத்த அளக்கணும்?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தக் கரும்பை நம்பித்தான் அந்த வீடே இருந்தது.

கொத்தனார் ஒருவரிடம் நீளமான டேப் வாங்கி, நுனியில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துக் கட்டினேன். தண்ணீரைத் தொட்டதும் 'டப்' என்று சத்தம் கேட்கும். நானும் அக்காவும் அக்கம்பக்கத்துக் கிணறுகளையெல்லாம் அளந்தோம். அக்காவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. நான் வேலைக்குத் திரும்பிய பிறகும் அவள் விடாமல் அளந்து, எனக்கு போன் பண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு போன். குரலே சரியில்லை.

"கலா, குவாரிக்காரன் எறைக்கிற அன்னிக்கு ஏரி ஓரத்துக் கெணறு எல்லாம் எறங்குது. அது நெசம். ஆனா நம்ம கெணறு அன்னிக்கு அவ்ளோ எறங்கல. நம்ம புது போர் ஓடற அன்னிக்குதான்டீ சர்ருனு எறங்குது."

முந்தின வருஷம் கரும்புக்காகப் பாவா ஆசை ஆசையாகப் போட்ட போர்வெல் அது.

"உங்க பாவாகிட்ட எப்டிடீ சொல்றது? மனு குடுக்கறதுக்கு அவர்தான் முன்னாடி நிக்கிறாரு."

சொன்னால், குவாரிக்காரன் அதையே பிடித்துக்கொள்வான். சொல்லாவிட்டால், குவாரியை மூடினாலும் அந்தக் கிணறு வற்றும்.

"சொல்லிடுக்கா," என்றேன்.

சொன்னாள். பாவா சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய்விட்டாராம். என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார். பிறகு ஒருநாள் அக்கா சொன்னாள், அவரே போரை நிறுத்திவிட்டு அளக்கிறார், ஓட்டிவிட்டு அளக்கிறார் என்று.

மனு கொடுத்த அன்று நானும் லீவு போட்டு வந்து திருத்தணி தாலுகா ஆபீசில் இருந்தேன். பாவா அதிகாரி முன்னால் போய் நின்றார்.

"சார், குவாரியால தண்ணி எறங்குது. எங்க போராலயும் எறங்குது. ரெண்டும் நெசம். எங்க பக்கத்த நாங்க பாத்துக்கிறோம். அவங்க எறைக்கிற தண்ணி ரோட்டோரமா வீணாப் போவுது. அத்த எங்க ஏரிக்கு விடச் சொல்லுங்க."

பின்னாலிருந்து ஒருவர், "காரியத்தயே கெடுத்துட்டியேப்பா," என்று கத்தினார். பாவா திரும்பிப் பார்க்கவில்லை. அதிகாரிதான் அவரை உட்காரச் சொன்னார்.

அந்த அதிகாரி நேரில் வந்து பார்த்தார். குவாரிக்காரர்கள் ஒரு குட்டை வெட்டி, தண்ணீரைத் தெளியவிட்டு, பிறகு ஏரிக்கு விட வேண்டும் என்று முடிவானது. சுரங்கத்தில் நான் பார்த்த ஏற்பாடுதான் அது. போர் வைத்திருந்தவர்கள் முறை வைத்து ஓட்டினார்கள். பாவா பாதிக் கரும்பை விட்டுவிட்டு வேர்க்கடலை போட்டார்.

கிணறு நிரம்பிவிடவில்லை. ஆனால் அடுத்த கோடையில் வற்றவில்லை... முதலில் போன் பண்ணிச் சொன்னது பாவாதான். "நிக்குதும்மா," என்றார்.

பல வருஷம் ஓடிவிட்டது. இப்போது குவாரியை மூடிவிட்டார்கள். குழி நிறையப் பச்சைத் தண்ணீர், சுற்றிலும் முள்வேலி. ஏரிக்கு இனி மழைதான். எனக்கும் வேலை ஊர்ப்பக்கமே மாறிவிட்டது. கிணறுகளுக்குள் மட்டம் அளக்கும் கருவி வைத்துவிட்டோம். திருத்தணி லோக்கல் டிரெயினில் உட்கார்ந்தபடியே போனில் எந்த ஊரில் மட்டம் எவ்வளவு என்று பார்த்துவிடலாம்.

போன வாரம் பாவா பேசினார். பக்கத்து நிலத்துப் பையன் இன்னும் ஆழமாக ஒரு போர் போட்டிருக்கிறானாம்.

"ஊட்ல படுத்துக்கினே போன்ல மோட்டார் போடறான்மா. கெணத்தாண்ட வந்து எட்டிக்கூட பாக்க மாட்டேன்றான்."

"ஆங் பாவா... காலம் மாறிடுச்சி," என்றேன்.

நான் கடைசியாக ஒரு கிணற்றை எட்டிப் பார்த்தது எப்போது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.