அம்மா நெய்யாற்றின்கரைக்கு நடந்த நாள்

காலையில் எங்கள் வீட்டில் காப்பி மணத்துக்கு முன்னால் ஸ்பிரிட் விளக்கின் மணம்தான் வரும்…

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. பாறசாலையில் ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதுகிறவர். அம்மா தினமும் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை எடுத்து, அப்பாவின் மூத்திரத்தைச் சில சொட்டு விட்டுச் சூடாக்குவாள். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று ஏறினால் அன்றைக்கு அப்பாவுக்குச் சோறு குறையும்.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த ஐம்பதுகளின் வருஷங்கள் அவை. எங்கள் ஊர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று அப்பா கூட்டங்களில் பேசுவார். வீட்டில் அவர் இருக்கிற நேரம் குறைவு.

அந்தச் சமயத்தில்தான் குழாய் தினமும் நீலமாகவே நிற்க ஆரம்பித்தது.

"பாத்தியா, சீக்கு போயாச்சு" என்று அப்பா சிரிப்பார்.

அம்மா சிரிக்கவில்லை. காலையில் அவர் கண்ணிமைகள் வீங்கியிருந்தன. வேட்டி கட்டிய இடத்தில் தடம் பதிந்து மறையாமல் கிடந்தது.

"இஞ்ச பாருங்க, மூத்திரத்தில நொரை நிக்குது. டாக்டரம்மைட்ட போவோம்."

"கூட்டம் கழிஞ்சு வாறேன். பிறகு போலாம்."

ஒரு காலை, வழக்கமான இன்சுலின் ஊசி போட்டுக் கஞ்சியும் குடித்த பிறகு அப்பாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்து, நாக்கு குழறியது. ஊசி மிஞ்சிப்போனால் செய்யச் சொல்லியிருந்தபடி அம்மா சர்க்கரை கரைத்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார். ஆனால் அன்று கடையடைப்பு, பஸ் கிடையாது. அவ்வளவு தூரம் அவரால் நடக்கவும் முடியாது.

அம்மா ஒரு குப்பியைக் கழுவி அப்பாவின் மூத்திரத்தைப் பிடித்து, தக்கையால் அடைத்தாள். அண்ணனை அப்பாவுக்குத் துணை வைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு நெய்யாற்றின்கரைக்கு நடந்தாள். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

வழியில் ஒரு போலீஸ்காரர் மறித்தார்.

"குப்பியில் எந்தா?"

"எங்க வீட்டுக்காரருக்க மூத்திரமாக்கும். மணத்திப் பாரும்."

அவர் உண்மையிலேயே தக்கையைத் திறந்து மணந்து பார்த்தார். முகத்தைச் சுளிக்காமல் மூடித் திருப்பிக் கொடுத்தார். "பொய்க்கோ அம்மே" என்று மலையாளத்தில் சொல்லி வழிவிட்டார்.

அம்மா சொன்னதையெல்லாம் கேட்டு டாக்டரம்மா மூத்திரத்தைக் குழாயில் எடுத்து மேல்பாதியை மட்டும் தீயில் காட்டினார். தெளிந்திருந்தது மேலே மட்டும் வெள்ளையாகக் கலங்கியது. ஒரு சொட்டு அமிலம் விட்டார். கலங்கல் போகவில்லை.

"இந்த வெள்ளைதான் ஆல்புமின், கிட்னி கெட்டா எறங்குறது. சர்க்கரைச் சீக்கு போவல்ல. கிட்னி கெட்டதினால சர்க்கரை மூத்திரத்தில எறங்கல்ல, அவ்வளவுதான். ஊசி மருந்தும் வெளியே போவாம ஒடம்பிலேயே நிக்குது. அதான் அந்த வேர்வை. ஊசியைக் கொறைக்கணும், உப்பு கூடாது."

"சீக்கு மாறுமா?" என்று அம்மா கேட்டாள்.

"மாறாது. கொஞ்சகாலம் காத்து வச்சுக்கலாம்."

திரும்பி வரும்போது அம்மா எங்கும் நிற்கவில்லை.

"இனி ஊசி கொறச்சுப் போட்டா போரும்" என்று அப்பாவிடம் சொன்னாள். அவர் முகம் மலர்ந்து, அவளைப் பார்த்ததும் அடங்கியது.

"மிச்சத்தையும் சொல்லு."

சொன்னாள். அப்பாவின் கண் அம்மாவின் கால்களில் விழுந்தது. தார் ரோட்டுச் சூட்டில் உள்ளங்கால் கொப்பளித்திருந்தது. எழுந்து போய்ச் செம்பில் வெள்ளம் கொண்டு வந்தார்.

"காலை நீட்டு" என்றார்.

"பிள்ளைக பாக்குதுவ…"

"பாக்கட்டு."

தரையில் உட்கார்ந்து, வீங்கிய கையால் அவள் கால்களைக் கழுவினார். அவர்கள் ஒருவரையொருவர் தொட்டு நான் பார்த்தது அன்றுதான்.

அதன்பின் அப்பா உப்பில்லாத கஞ்சி குடித்தார். அம்மாவும் தன் கஞ்சியில் உப்புப் போடுவதை நிறுத்தினாள். எல்லை முடிவாகி எங்கள் ஊர் கேரளப் பக்கமே நின்றுவிட்டதை அவர் இருந்து பார்த்தார். வருத்தம்தான்… ஆனால் அடுத்த மழைக்காலத்தை அவர் பார்க்கவில்லை.

எனக்கும் சுகர் வந்து எத்தனையோ வருஷமாகிறது. இப்போதெல்லாம் லேப்பில் ஒரு சின்ன டப்பா தருகிறார்கள், சாயங்காலம் ரிசல்ட் போனில் வருகிறது. எனக்கு வீக்கமோ வேறு தொந்தரவோ எதுவும் தெரியாத காலத்திலேயே ஆல்புமின் லேசாகக் கசிவதைப் பார்த்து மாத்திரை தொடங்கிவிட்டார்கள். கிட்னி இன்னும் ஓடுகிறது.

சுகர் உள்ள நண்பர்களே, ரத்தத்தில் சர்க்கரை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை மூத்திரத்தில் ஆல்புமினும், ரத்தத்தில் கிரியாட்டினினும் பாருங்கள்.

போன வாரம் என் மகனுக்கு அறுபது முடிந்தது. அப்பா அந்த வயதைத் தொடவே இல்லை. கேக் வெட்டும்போது அவன் பக்கத்தில் நின்று, அப்பாவுக்கு அந்த வயதில் எங்கெங்கே நரைத்திருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்…