வலது பின்சக்கரம்

மார்ச் 9, ஞாயிறு, பிற்பகல் 3.10. பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில், பதினேழாம் நம்பர் பஸ்ஸின் பின்சக்கரங்கள் இரண்டும் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் நின்றன.

இது யாரோ சொல்லிக் கேட்டதல்ல. நான் அங்கே இருந்தேன். தனியாக. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எனக்காகக் காத்திருக்க ஆளில்லை. வேலை இருந்தால் பொழுது போகும்.

அந்த பஸ்ஸில் பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் எட்டு மாதத்தில் மூன்று முறை பல்லுடைந்திருந்தது. வளைவில் இரண்டு சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுவதுதான் அதற்குள் இருக்கும் சின்ன கியர்களின் வேலை. நேர்ச்சாலையில் அவை சும்மா இருக்க வேண்டும். இந்த வண்டியில் ஓயாமல் உழைத்துத் தேய்ந்திருந்தன. ஒரு சக்கரம் எப்போதும் பின்தங்கினால்தான் அப்படித் தேயும். ஆயில் சரி. டயர் அளவும் சரி.

மேனேஜர் டிரைவர்மேல் பழி போட்டார். திங்கட்கிழமை நான் தரும் ரிப்போர்ட்டை வைத்துத்தான் டிரைவரின் வேலை நிலைக்கும்.

"எல்லாம் என் தலையிலதாண்ணே விழுது," என்று முந்தின நாள் சொல்லியிருந்தார் டிரைவர். "நான் என்ன, பல்லைக் கடிச்சா துப்பினேன்?"

புது கியர்கள் மாட்டியாயிற்று. எஞ்சினை ஓடவிடாமல் வண்டியை கியரில் போட்டேன். இப்போது இடது சக்கரத்தைச் சுற்றினால், வலது சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும்.

சுற்றினேன். நகரவில்லை.

பிரேக் பிடித்திருக்குமோ? வலது பக்கம் போய்ச் சுற்றினேன். தடையில்லாமல் சுற்றியது.

3.22. மறுபடி இடது பக்கம். இம்மி நகரவில்லை. எதிர்ப்பக்கம் யாரோ இறுக்கிப் பிடித்திருப்பதுபோல...

"யாரு?"



கையை எடுத்தேன்.

டக்...

உள்ளே பல், பல்லைத் தொட்டது.

டக்... டக்...

என் முன்னால் சக்கரம் தானாகச் சுற்றியது. அப்படியென்றால் அந்தப் பக்கம்...

குனிந்து வண்டிக்கடியில் அந்தப் பக்கம் பார்த்தேன்.

கால்கள் இல்லை.

திங்கள் காலை, பஸ்ஸை முன்பு ஓட்டி எங்களுக்கு விற்ற கம்பெனியின் ஃபோர்மேனுக்குப் போன் செய்தேன்.

"அந்த வண்டியா சார்? வலது பின்சக்கரத்துல ஒரு கண்டக்டர் சிக்கிட்டார். டயரை ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தார். விரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சுத்தான் உடம்பை எடுத்தோம்."

'டிரைவர் தவறில்லை. காரணம் தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

"காரணம் இல்லாத ரிப்போர்ட்டை வச்சு நான் என்ன பண்றது?" என்றார் மேனேஜர்.

டிரைவரை அன்றே நீக்கினார்கள். புது டிரைவர் வந்தார். ஜூலையில் நான்காவது டிஃபரன்ஷியல் உடைந்தது.